முதல் மோப்பம்

7

"டூலி, இந்தக் கேட்டுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?" என்று மிஸ் ஒரீலியா கேட்டார்.

எனக்குப் பூட்டு ஒரு கேடா? கம்பி வேலி ஓரமாக வெயிலில் நின்ற என் காரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால் காலை ஒன்பது மணி வரைக்கும்தான் அது என் கார். பெர்டீன் ஊருக்குள் நுழையும்போது, சாலையின் நடுக்கோட்டைத் தொட்டு ஓட்டினாய் என்று ஒரு ஷெரீஃப் ஆள் மடக்கினான். மிஸ் ஒரீலியாவின் கைப்பையைத் திறந்தான். வேறொரு வழக்கில் கட்சிக்காரர் கொடுத்த முன்பணத்தைப் பார்த்து, 'சந்தேகத்துக்குரிய பணம்' என்றான். சந்தேகத்துக்குரிய பணம் சவாரி செய்த கார் என்பதால் காரும் போயிற்று. காருக்குள் இருந்த எங்கள் போன்கள், பின் சீட்டில் இருந்த என் மத்தியானச் சாப்பாடு எல்லாமே இப்போது அந்த மாவட்டமான கெல்சோ கவுண்டியின் வசம்.

போதாததற்கு எங்களையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். பறிமுதல் செய்த சாமான்களை நிறுத்தும் காம்பவுண்டு அது. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அங்கே பிடித்ததையெல்லாம் பங்கு பிரித்துக் கூறு போடுவார்கள். கூறு போட்டு முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது, ஒரு ஸ்பேனர்கூட வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"ஒரு பூட்டு கவுண்டி முழுக்கப் பார்க்கிற ஷெரீஃபோடது. இன்னொண்ணு இந்த ஊரை மட்டும் பார்க்கிற டவுன் போலீஸ் சீஃபோடது," என்றேன். "ஒருத்தர் சாவியை வெச்சு இன்னொருத்தர் திறக்க முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் கதவு. கல்யாணமே இவ்வளவு கெட்டியா நடக்காது."

"ரெண்டு பேருமே போலீஸ்தானே?"

"அதனாலதான் ஒருத்தரை ஒருத்தர் நம்பலை."

மிஸ் ஒரீலியா பிளெட்சோ தலையாட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தே தலை நரைத்தவர். இப்போது ஹூஸ்டனில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். காரும் வாயும் ஓட்டுவது என் வேலை. கார் போய்விட்டதால் அன்று வாய் மட்டும்.

துணைக்கு வரச்சொல்லி எங்களைக் கூப்பிட்டிருந்த நெல்டா காரிசாலஸ், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாங்கள் பேசும்போதும் அவள் கண் எங்கள் மேல் இல்லை. வேலிக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் ஷெரீஃப் ஆபீஸ். அதன் ஜன்னலில் இரண்டு சின்னத் தலைகள் தெரிந்தன. அவளுடைய பெண்கள். பக்கத்தில் குழந்தை நலத்துறையிலிருந்து வந்த ஒரு அம்மாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்," என்றாள் நெல்டா. "என் பிக்கப் லாரி, இந்த அடுப்பு வண்டி, சாப்பாட்டுக் கடைக்கு அட்வான்ஸ் குடுக்க வெச்சிருந்த பணம், எல்லாத்தையும் விட்டுக்குடுக்கிறேன்னு. போட்டா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம். போடலைன்னா என் மேல போதைப்பொருள் கேஸ். பிள்ளைங்க அந்தம்மாகூடப் போயிடுவாங்க."

"போதைப்பொருள் பொட்டலம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் மிஸ் ஒரீலியா.

"அடுப்போட சாம்பல் தட்டுல. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. வியாழக்கிழமை மத்தியானம் இதே இடத்துல ஏலத்துல எடுத்தேன். பணத்தைக் கட்டினேன், இழுத்துட்டுக் கிளம்பினேன். ஹைவேயில ஏறி ஒரு காபி ஆறுற நேரம்கூட ஆகலை, மடக்கிட்டாங்க."

போதைப்பொருள் பிடிபட்டால் பொருள் அரசுக்குப் போகும். அதை விற்ற காசில் ஐந்தில் ஒரு பங்கை மத்திய அரசு எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிடிக்க உதவிய உள்ளூர்ப் படைகளுக்கு, யார் எவ்வளவு வேலை செய்தார்களோ அந்தக் கணக்கில் பிரித்துத் தரும். பெர்டீனில் இந்தக் காசு வாங்காத ஆளே கிடையாது. பள்ளி மைதானத்து ஸ்கோர் போர்டில் 'ஷெரீஃபின் அன்பளிப்பு' என்று போட்டிருக்கிறது. தீயணைப்பு வண்டி, தேவாலயத்து ஏ.சி., சிற்றுண்டிக் கடையின் புது ஃபிரிட்ஜ் எல்லாம் அந்த வகைதான். காலையில் டாக்சி கேட்டேன், போன் கேட்டேன், கடைசியில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எல்லோரும் முதலில் ஷெரீஃப் ஆபீஸ் பக்கம் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மிஸ் ஒரீலியா அடுப்பு வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு சக்கர டிரெய்லர் மேல் படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை. ஒரு முழு மாட்டுக் காலை உள்ளே வைத்துப் புகையில் வேகவைக்கலாம்.

"உள்ள தலையை விட்டு மோந்து பாரு, டூலி."

"அதுக்குத்தான் போலீஸ் நாய் இருக்கே?"

"அதுக்கு ஞாயம் தெரியாது. உனக்குக் கறி தெரியும்."

மூடியைத் தூக்கித் தலையை விட்டேன். டெக்சாஸில் பிறந்தவன், இப்படி ஒரு அடுப்புக்குள் தலையை விட்டால் பசிக்க வேண்டும். எனக்குத் தும்மல்தான் வந்தது. புகை வாசனை இல்லை. கொழுப்பு வாசனை இல்லை. கம்பி வலை புதுத் தட்டு மாதிரி பளபளத்தது.

"இதுல யாரும் ஒரு கோழிகூட சுட்டதில்லை," என்றேன்.

"இங்க பாரு." இழுவைக் கம்பியைக் காட்டினார். ஏல நம்பர்களை லேசில் அழியாத சாக்கட்டியில் எழுதுவார்கள். மஞ்சளில் ஒரு நம்பர். அதன் கீழே பாதி தேய்த்த நீலம். அதற்கும் கீழே சிவப்பு. "மூணு தடவை ஏலம் போயிருக்கு. மூணு பேர் ஆசையா வாங்கியிருக்காங்க. ஒருத்தர்கூட அடுப்பைப் பத்த வைக்கலை. ஏன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வீடு போய்ச் சேர்ந்தாத்தானே பத்த வைக்க!"

"விக்கிறது, பிடிக்கிறது, மறுபடி விக்கிறது. கூடவே ஒவ்வொரு தடவையும் ஒரு பிக்கப், கையில இருக்கிற காசு. தூண்டில்ல ஒரே புழு."

"ஷெரீஃப்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லைன்னா சீஃப். கேட்டுக்கு ரெண்டு பூட்டு. மத்த நாள்ல எவனும் தனியா உள்ள வர முடியாது. ஏலத்தன்னிக்குத்தான் கதவு திறந்து கிடக்கும். ரெண்டு பேருமே இங்க இருந்திருக்காங்க."

"ஷெரீஃப்தான். காலையில அந்த மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல? என் சாண்ட்விச்சைப் பந்தயம் கட்டுறேன்."

"அது உன்கிட்ட இல்லையே, டூலி."

சீஃப் டப் கின்னார்டு அப்போதுதான் ஐஸ் டீ கொண்டு வந்தார். அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அவருடையதுதான். பெருத்த உடம்பு, களைத்த கண், பின்னாலேயே பிஸ்கட் என்று ஒரு கிழட்டு நாய். நெல்டாவுக்கு முதல் கிளாஸைக் கொடுத்தார்.

"ராய்ஸ் கொஞ்சம் முரடு. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். ராய்ஸ் டில்லரிதான் ஷெரீஃப். "என் நிலைமையைப் பாருங்க. எனக்கு இருக்கிறது நாலு ஆளு, ஒரு நாய். வர்ற மாசம் என் ஸ்டேஷனை மூடிட்டு ஷெரீஃப்கூட சேர்த்துடலாம்னு டவுன் கவுன்சில் பேசுது. இந்தத் தடவையாவது ஒரு நல்ல கூறு வந்தாத்தான் பொழப்பு."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அதை ஒளிப்பானேன்?

ஷெரீஃப் ராய்ஸ் டில்லரி வந்தபோது டீ எல்லாம் இல்லை. இடுப்பு பெல்ட்டில் இரண்டு கையையும் மாட்டிக்கொண்டு எங்கள் எதிரே நின்றார்.

"மிஸ் பிளெட்சோ, ஒரு உதவி. இந்தப் பொண்ணு கையெழுத்துப் போடும்போது ரெண்டு சாட்சி வேணும். கூறு வாங்காத ஆளா இருக்கணும்னு மத்திய அரசு அம்மா அடம் பிடிக்கிறாங்க. இந்த ஊர்ல அப்படி ஆளுக்கு நான் எங்க போறது?"

"கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கேட்டுப் பார்த்தீங்களா? இல்ல, அவரு வண்டிக்கும் மான் வாங்கிக் குடுத்துட்டீங்களா?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் சாட்சி போடுங்க. உங்க கார், பணம், எல்லாம் இப்பவே கைக்கு வரும். இல்லைன்னா கோர்ட்டுல பார்த்துக்கலாம். எங்க நீதிபதிக்கு இடுப்பு ஆபரேஷன். இலையுதிர் காலத்துக்கு அப்புறம்தான் வருவார்."

நெல்டா எங்களையே பார்த்தாள். கூப்பிட்ட துணைக்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பார்வை. 

"சாட்சி போடுறோம்," என்றார் மிஸ் ஒரீலியா.

"மிஸ் ஒரீலியா!"

"சும்மா இரு, டூலி."

கொட்டகைக்குள் ஒரு நீள மேஜை. மத்திய அரசிலிருந்து வந்த மிஸ் கோல்ஃபாக்ஸ் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான பெண்மணி. மேஜை மேல் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்துச் சிவப்பு விளக்கைத் தட்டினார். கூறு போடும்போது பேசுவது எல்லாம் பதிவாகும், பிற்பாடு நான் சொல்லவில்லை என்று யாரும் மறுக்கக்கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. ஒரு பக்கம் ஷெரீஃப், மறுபக்கம் சீஃப். கடைசியில் நெல்டா, அவள் முன்னால் ஒரு காகிதம், ஒரு பேனா. கொட்டகையின் தகரம் வெயிலில் டொக் டொக்கென்று சத்தம் போட்டது. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது.

"முதல்ல கையெழுத்து," என்றார் ஷெரீஃப்.

"ஒரு நிமிஷம்," என்றார் மிஸ் ஒரீலியா, ரொம்பப் பணிவாக. "சாட்சி போடுறவளுக்கு என்ன நடக்குதுன்னு புரியணும்ல? மேடம், இவங்க ரெண்டு பேருக்கும் எப்படிப் பிரிப்பீங்க?"

"யார் பங்கு எவ்வளவோ அதுப்படி," என்றார் மிஸ் கோல்ஃபாக்ஸ். "எத்தனை ஆள், எவ்வளவு நேரம், யாரோட நாய். அதைவிட முக்கியம் முதல் துப்பு. அது யார்கிட்டேருந்து வந்துச்சோ அவங்களுக்குப் பெரிய கூறு."

"ஓ! அப்போ முதல் மோப்பம் சீஃபோட நாய்தானே? டீ குடுக்கும்போது சொன்னாரே. பெரிய கூறு அவருக்குத்தான், இல்லையா?"

சீஃப் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "ஆமா மேடம்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "வியாழன் மத்தியானம் பிஸ்கட்தான் முதல்ல மோந்தது."

ஷெரீஃப் சிரித்தார். "அந்த நாய் டயர் மேல காலைத் தூக்குச்சு. அது துப்பா? வண்டியை மடக்கினது என் ஆளு. சும்மாவா மடக்கினான்? எனக்குக் காலையிலேயே துப்பு வந்தாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏலமே மத்தியானம்தான். வாங்கப்போவது யார் என்றே தெரியாத நேரத்தில் இவருக்கு என்ன துப்பு? வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் மிஸ் ஒரீலியாவின் செருப்பு என் கால்விரல் மேல் ஏறி நின்றது.

"அடடா, காலையிலேயேவா!" என்று வியந்தார் அவர். "அப்போ ஷெரீஃப்தான் முந்திட்டார், பாவம் சீஃப்."

சீஃப்பின் கழுத்து சிவந்தது. "காலையிலயா? எனக்கு விடியறதுக்கு முன்னாடியே போன் வந்துச்சு. ராய்ஸ் அப்போ குறட்டை விட்டுட்டு இருந்திருப்பான்."

"யாருடா போன் பண்ணது? உன் நாயா?"

"என் ஆளு ஒருத்தன் இருக்கான். உனக்கென்ன?"

மிஸ் கோல்ஃபாக்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விடியறதுக்கு முன்னாடின்னு போட்டுக்கட்டுமா?"

"போடாதீங்க!" ஷெரீஃப் மேஜையைத் தட்டினார். "புதன்கிழமை! எனக்குப் புதன்கிழமையே தெரியும். அந்த அடுப்புக்குள்ள சரக்கு இருக்குன்னு புதன்கிழமை சாயங்காலமே எனக்குத் தகவல் வந்தாச்சு. எழுதிக்கங்க."

எனக்கு அப்போது கைதட்டலாம் போலிருந்தது. பன்றி தானாக வந்து கண்ணியில் கழுத்தை நீட்டிவிட்டது என்றே நினைத்தேன். மிஸ் ஒரீலியாவைப் பார்த்தேன். அவர் ஷெரீஃபைப் பார்க்கவே இல்லை. சீஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமையே தெரியும்னா பெரிய கூறு ஷெரீஃபுக்குத்தான், மேடம்," என்றார் மெதுவாக. "சீஃப் பாவம், இந்தத் தடவையும் சில்லறைதான். ஸ்டேஷனை மூடிட வேண்டியதுதான்."

சீஃப் டப் கின்னார்டு எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பொய்! அண்டப் புளுகு! புதன்கிழமை அந்தத் தட்டுல என்ன இருந்துச்சு? ஒரு மண்ணும் இல்லை! வியாழக்கிழமை இவ பணம் கட்ட கவுண்டருக்குப் போனப்புறம்தானே அது உள்ளயே போச்சு! மூணு தடவை, ராய்ஸ், மூணு தடவை நான் கையை அழுக்காக்கிக்கிறேன், மூணு தடவையும் நீ வந்து உட்கார்ந்து…"

அங்கேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிஸ்கட் மேஜைக்கு அடியில் பெருமூச்சு விட்டது.  ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அந்த வாக்கியத்தை முடிங்க, சீஃப்," என்றார் மிஸ் கோல்ஃபாக்ஸ்.

சீஃப், கீழே விழுந்த நாற்காலியைத் தேடிக் கையால் காற்றில் துழாவினார். எனக்கு டீ கொடுத்த கை அது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எதற்கு எது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"நீங்க எப்படி..." என்று இழுத்தேன்.

"பொய் சொல்றவனுக்கு நாள் ஒரு பொருட்டே இல்லை, டூலி," என்றார் மிஸ் ஒரீலியா. "புதன்னாலும் சொல்லுவான், போன வருஷம்னாலும் சொல்லுவான். வெச்சவனுக்குத்தான் எப்போ வெச்சோம்னு தெரியும். இன்னொருத்தன் முந்தின நாளைச் சொல்லி அவன் கூறைத் தட்டிட்டுப் போனா, அவனால பொறுக்க முடியாது."

"அப்போ ஷெரீஃப்?"

"வெறும் பேராசை. ரோட்டுல போற எதையும் மடக்குற, நம்ம காரைப் பிடிச்ச அதே பேராசை."

வெறும் பேராசைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டப்! நீயா?" என்று ஒரு தரம் தலையில் கைவைத்தார். அடுத்த மூச்சிலேயே மிஸ் கோல்ஃபாக்ஸ் பக்கம் சாய்ந்தார். "மேடம், டப்புக்கு ஏரிக்கரையில ஒரு வீடு இருக்கு. படகு இருக்கு. ரெண்டு வண்டி. இதெல்லாம் குத்தத்துல வந்த சொத்துதானே? இந்தக் கேஸைக் கண்டுபிடிச்சது எங்க எல்லைக்குள்ளதானே? எங்களுக்கு எவ்வளவு கூறு?"

இருபது வருஷம் சேர்ந்து மீன் பிடிக்கப் போனவர்களாம் அவர்கள்.

"ஷெரீஃப்," என்றார் மிஸ் கோல்ஃபாக்ஸ், "புதன்கிழமையே சரக்கு இருக்குன்னு தெரியும்னு நீங்க சொன்னதும் இதுல இருக்கு. தெரிஞ்சே வியாழக்கிழமை அந்த வண்டியை இந்தப் பொண்ணுக்கு ஏலம் விட்டீங்களா?"

"அது... நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா மத்திய அரசு அதிகாரிகிட்ட பொய் சொன்னதா எழுதிக்கிறேன். எது வசதின்னு யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க நண்பருக்கு விலங்கு மாட்டுங்க."

ஷெரீஃப் வேர்த்து ஒழுகினார். எழுந்து போய் சீஃப்பின் கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டினார். சீஃப் எதிர்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் கோல்ஃபாக்ஸ் அந்தக் காகிதத்தை நெல்டாவின் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டார். "நீங்க போகலாம், மிஸஸ் காரிசாலஸ். உங்க வண்டி, பணம் எல்லாம் திரும்ப வரும்."

"எங்க கார்?" என்றேன்.

"அது வேற கேஸ். மனு போடுங்க."

அரசாங்கம் என்றால் அதுதான். 

நெல்டா பிக்கப்பைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ கேட்கவில்லை. கேட்டை நோக்கி ஓடினாள். நாங்கள் பின்னால் போனோம். ஷெரீஃப் தன் பூட்டைத் திறந்தார். கதவு அசையவில்லை. இன்னொரு பூட்டு தொங்கியது. சாலைக்கு அந்தப் பக்கம் அந்த நலத்துறை அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பெண்களுக்குப் பையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தேவாலயத்து மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது.

"டப், சாவி!" என்று கத்தினார் ஷெரீஃப்.

கொட்டகை வாசலில் சீஃப் தலையைத் தூக்கினார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு, அது இல்லாம நீங்க யாரும் வெளிய போக முடியாது. முதல்ல பேசலாம். எனக்கு என்ன குடுப்பீங்க?"

அந்த நேரத்திலும் பேரம். மிஸ் கோல்ஃபாக்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெல்டா காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். விலங்கு மாட்டிய அந்தப் பெரிய மனிதரின் முன்னால் போய் நின்றாள். அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள்.

"எனக்கு இது போதும்," என்றாள். "மிச்சத்தை நீங்க கூறு போட்டுக்கங்க."

பூட்டைத் திறந்து கீழே போட்டாள். ஹைவே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் நிற்காமல் சாலையின் குறுக்கே ஓடினாள். ஜன்னலில் இருந்த இரண்டு தலைகளும் காணாமல் போய், அடுத்த நொடி வாசல் கதவு படாரென்று திறந்தது.